புதைந்தது ஒரு பைதான்

குல்மார்க் போனா பனியில சறுக்கலாம், ரீல்ஸ் எடுக்கலாம்னுதானே நினைப்பீங்க? நாங்க ஆறு பேரும் அப்படித்தான் போனோம். கோண்டோலாவில் ஏறினால் அபர்வாத் மலையில் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரம். வேலி இல்லை, பாதை இல்லை, வெறும் பனி.

ஆனா முதல் நாள் பயிற்சியாளர் மேலேயே விடலை. ஆளுக்கொரு டிரான்ஸீவர், நீளக் கம்பி, ஷவல். ஒரு பைக்குள் டிரான்ஸீவர் வைத்துப் பனியில் புதைத்துவிட்டு, “உள்ளே இருப்பது உங்க ஃப்ரெண்ட், தேடுங்க” என்றார்.

சிக்னல் காட்டிய பக்கம் எல்லாரும் ஓடினாங்க. வந்து நின்றது என் முன்னாடி! கருவியைத் தேடும் நிலைக்கு மாற்ற மறந்தது நான்தான். பையை எடுக்க 26 நிமிடம் ஆச்சு.

பனிச்சரிவில் புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம். பிறகு மூச்சுத் திணறி அது மளமளவெனக் குறையும். அன்னிக்கு யாருமே சிரிக்கலை.

மறுநாளும் பைதான் புதைச்சோம். நாலாவது தடவை 9 நிமிடம். அப்புறம்தான் மேலே போனோம், சரிவில் ஒவ்வொருத்தரா இறங்கினோம்.

நீங்க போனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க: மீட்புக்குழு வர்ற வரைக்கும் நேரம் இருக்காது. உங்களைத் தோண்டி எடுக்கப்போறது பக்கத்துல நிக்கிற ஃப்ரெண்டுதான். அவனுக்கு நீங்களும் அப்படித்தான்.