சுவர் யாருடையது?

மெக்சிகோ நகரத்துச் சுவரோவியங்களைத் தனியாகவே சுற்றிப் பார்க்கலாம். அலமேதா பூங்காவின் மேற்குக் கோடியில் ஆரம்பித்துக் கிழக்கே பழைய சந்தை வரை நடந்தால் இரண்டு, இரண்டரை கிலோமீட்டர்தான் இருக்கும். ஊர் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மாடிப்படி ஏறும்போது மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்கும். ஆனாலும் நான் வழிகாட்டியுடன் நடக்கும் ஒரு குழுவில்தான் சேர்ந்தேன். இந்தச் சுவர்களில் எத்தனையோ முகங்கள். எவர் சர்வாதிகாரி, எவர் கவிஞர், எவர் ஓவியரின் மனைவி என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால், ஏதோ ஒரு பெருங்கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியதாகத்தான் இருக்கும்.

வழிகாட்டி, பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற ஓர் அம்மையார். கையில் மடக்குக் குடை வைத்திருந்தார். மழைக்கு அல்ல, சுட்டிக் காட்டுவதற்கு. குழுவில் பாதிப் பேர் மெக்சிகோக்காரர்களே. சொந்த ஊர்ச் சுவரைப் பார்க்கக் காசு கொடுத்து வந்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

முதலில் டியேகோ ரிவேரா 1947-இல் முடித்த ‘அலமேதா பூங்காவில் ஒரு ஞாயிறு மாலைக் கனவு’. பதினைந்து மீட்டர் நீளம். நானூறு வருடச் சரித்திரத்தில் வந்துபோன ஆட்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்க வந்து நிற்கிறார்கள். நடுவில் இறகுத் தொப்பி அணிந்த எலும்புக்கூட்டுச் சீமாட்டி கத்ரீனா. அவள் கையைப் பிடித்தபடி அரைக்கால் சட்டைச் சிறுவனாக ரிவேரா. பைக்குள் தவளையும் பாம்பும். அவன் பின்னால் தோளில் கை போட்டபடி ரிவேராவின் மனைவி, ஓவியர் ஃப்ரீடா காலோ.

இந்தச் சுவர் பிறந்த இடம் இதுவல்ல. எதிரே இருந்த தெல் பிராதோ ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்துக்காகத் தீட்டியது. படத்தில் இக்னாசியோ ராமிரெஸ் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஒரு தாளைப் பிடித்திருக்கிறார். அதில் ‘கடவுள் இல்லை’ என்று எழுதியிருந்தார் ரிவேரா. பேராயர் ஓட்டலை ஆசீர்வதிக்க மறுத்தார். மாணவர்கள் புகுந்து அந்த வரியைச் சுரண்டிவிட்டுப் போனார்கள். படத்தைப் பல வருடங்கள் மூடியே வைத்திருந்தார்கள். கடைசியில் 1956-இல் ரிவேராவே அந்த வாசகத்தை எடுத்துவிட்டு, ராமிரெஸ் அதைப் பேசிய கூட்டத்தின் பெயரையும் 1836 என்ற ஆண்டையும் எழுதினார். தெரிந்தவர்களுக்குத் தெரியும். பெரியார் சிலைப் பீடங்களைப் படித்து வளர்ந்த எனக்கு இந்த ஒரு சண்டை மட்டும் குடையின் உதவி இல்லாமலே புரிந்தது.

1985 நிலநடுக்கத்தில் ஓட்டல் பாழானது, ஓவியம் தப்பியது. சுவரோடு பெயர்த்து, சாலையைக் கடந்து கொண்டுவந்து, அதற்கென்றே ஒரு கூடம் கட்டிவிட்டார்கள்.

பக்கத்திலேயே பெல்லாஸ் ஆர்ட்டெஸ் பளிங்கு மாளிகை. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் மையத்துக்காக ரிவேரா வரைந்துகொண்டிருந்த படத்தில் லெனின் முகம் வந்ததால் 1933-இல் வேலையை நிறுத்தினார்கள். 1934 பிப்ரவரியில் உடைத்தே போட்டார்கள். அதே படத்தை அதே வருடம் இங்கே மறுபடி வரைந்தார். இந்த முறை லெனினோடு, மது விருந்தில் இருக்கும் ராக்ஃபெல்லரையும் சேர்த்தார். கதை நன்றாக இருக்கிறது. படம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. இயந்திரமும் நுண்ணோக்கியும் கிரகங்களும் நெருக்கியடித்து, எங்கே பார்ப்பது என்றே தெரியாமல் போகிறது.

மதேரோ தெரு வழியாகக் கிழக்கே நடந்தோம். வண்டிகள் வராத தெரு. காக்கிச் சீருடை போட்டவர்கள் கைப்பிடியைச் சுழற்றிப் பெட்டி இசை வாசித்துத் தொப்பியை நீட்டுகிறார்கள். இருபுறமும் கட்டடங்கள் லேசாகச் சாய்ந்து நிற்கின்றன. ஏரியைத் தூர்த்துக் கட்டிய ஊர், இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. தேசிய மாளிகை மாடிப்படியில் ரிவேரா 1929 முதல் 1935 வரை வரைந்த மெக்சிகோ வரலாறு இருக்கிறது. அங்கே பார்வையாளர் அனுமதி அடிக்கடி மாறும் என்பதால் எங்கள் நடையில் அதைச் சேர்க்கவில்லை.

அடுத்து சான் இல்தெஃபொன்சோ. சுவரோவிய இயக்கம் தொடங்கியதே இங்கேதான். ஒரு காலத்தில் ஏசு சபையாரின் கல்லூரி. பிறகு தேசிய ஆயத்தப் பள்ளி. ஃப்ரீடா காலோவும் கவிஞர் ஒக்டாவியோ பாஸும் படித்த இடம். 1910-இல் வெடித்த புரட்சி பத்து வருடம் நாட்டைக் குலுக்கிப் போட்டது. 1921-இல் கல்வி அமைச்சரான ஹோசே வாஸ்கொன்செலோஸ் பார்த்தார்: மக்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பொதுக் கட்டடங்களில் வெற்றுச் சுவர்கள் ஏராளம். ஓவியர்களைக் கூப்பிட்டுச் சுவர்களைக் கொடுத்தார். தேர்தல் வருவதற்கு ஒரு வருடம் முன்பே நம் ஊரில் காம்பவுண்டுச் சுவர் முழுக்க வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயர் எழுதி ‘ரிசர்வ்’ செய்து வைப்பார்களே, ஏறக்குறைய அந்த வேலைதான். அரசாங்கச் சுவர்களைப் புரட்சிக்கு ரிசர்வ் செய்தார் வாஸ்கொன்செலோஸ். சுவர் கைக்கு வந்ததும் ஓவியர்கள் தொழிற்சங்கம் அமைத்து, பணக்கார வீட்டுக் கூடத்தில் மாட்டும் சட்டகப் படங்களே இனி வேண்டாம் என்று அறிக்கை விட்டார்கள்.

படிக்கட்டுச் சுவரில் ஷான் ஷார்லோ என்ற பிரெஞ்சு இளைஞர் வரைந்த ‘பெரிய கோயில் படுகொலை’. ஸ்பானியர்கள் திருவிழாக் கூட்டத்தை வெட்டிய கதை. சிவப்பு ஈட்டிகள் குறுக்கே சாய்ந்து பாய்வது மட்டும்தான் முதலில் கண்ணில் படும். இந்தக் காலத்தில் மெக்சிகோவில் ஈரச்சுவர் முறையில் எழுதிய முதல் படம் இதுவே என்று சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார், பெருமைக்காரர். அந்தப் பெரிய கோயில் பக்கத்திலேயே தரைக்கடியில் கிடந்தது. 1978-இல் மின்சாரத் தொழிலாளர்கள் பள்ளம் தோண்டியபோது மூன்று மீட்டருக்கு மேல் விட்டமுள்ள கல் வட்டம் ஒன்று தட்டுப்பட்டு, அதன்பிறகுதான் முழு அகழாய்வும் நடந்தது. படம் முந்திக்கொண்டது, கோயில் பிந்தி வந்தது.

இங்கே வழிகாட்டி எங்களைச் சுவருக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, வெளிச்சம் சாய்ந்து விழும் கோணத்தில் பார்க்கச் சொன்னார். ஓர் உருவத்தின் தோள்பட்டையைச் சுற்றி மெல்லிய வரப்பு ஓடுவது தெரிந்தது. ஒருநாள் வேலை அங்கே முடிந்திருக்கிறது. அன்று எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவு இடத்துக்கு மட்டும் கொத்தனார் விடியற்காலையில் சுண்ணாம்புச் சாந்து பூசுவார். ஈரம் காய்வதற்குள் நீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டியாக வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும்போது வண்ணத்தையும் உள்ளே பூட்டிக்கொள்ளும். அதன்பின் தவற்றைத் திருத்த வேண்டுமென்றால் கொத்தி எடுப்பதுதான் வழி. ரிவேரா ஒரு கட்டத்தில் சப்பாத்திக்கள்ளிச் சாற்றைச் சேர்த்துப் பார்த்தார், பழங்காலத்து முறை என்று சொல்லிக்கொண்டு. சாறு கெட்டுக் கறை படிந்தது, விட்டுவிட்டார்.

ஆனால் சான் இல்தெஃபொன்சோ ரிவேராவின் இடமல்ல, ஹோசே கிளமெந்தே ஒரோஸ்கோவின் இடம். இளம் வயதில் வெடிமருந்து விபத்தில் இடது கையை இழந்தவர். ஒற்றைக் கையோடு சாரத்தில் நின்று முற்றத்தின் மூன்று தளங்களையும் நிரப்பினார். 1924-இல் மாணவர்கள் கலகம் செய்து அவர் படங்களைச் சிதைத்தார்கள், வேலையும் போனது. 1926-இல் திரும்பி வந்து, முன்பு வரைந்தவற்றில் பெரும்பகுதியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். அப்போது பிறந்தது ‘பதுங்குகுழி’: சிவப்புப் பின்னணியில் மூன்று ஆண்கள், ஒருவன் சிலுவையில் தொங்குபவனைப்போல் கைவிரித்துச் சாய்ந்திருக்கிறான், ஒருவனுக்கும் முகம் தெரியவில்லை. எந்தப் படை, எந்தக் கட்சி என்று கண்டுபிடிக்க ஓர் அடையாளமும் இல்லை. மாடிப்படி வளைவின் கீழே ஸ்பானியத் தளபதி கோர்த்தேசும் அவருடைய மொழிபெயர்ப்பாளர் மலிஞ்சேயும் ஆடையின்றிக் கைகோத்து உட்கார்ந்திருக்கிறார்கள். கோர்த்தேசின் காலடியில் ஓர் உடல் கிடக்கிறது. ரிவேரா புரட்சியை நம்பி வரைந்தார். ஒரோஸ்கோ புரட்சியைப் பார்த்துவிட்டு வரைந்தார். எனக்கு ஒரோஸ்கோதான்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பழைய கல்வி அமைச்சகம். 2024 முதல் சுவரோவியத்துக்கான அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். இரண்டு பெரிய முற்றங்கள், மூன்று தளங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்கள்; 1923-இல் ஆரம்பித்து 1928-இல் முடித்தார் ரிவேரா. ஒரோஸ்கோவுக்காகப் பேசிய வாயை இங்கே கீழ்த்தளத்தில் ஒரே ஒரு படம் அடைத்தது. சுரங்கத்திலிருந்து வெளியே வந்த தொழிலாளி, எதையும் திருடி வரவில்லை என்று காட்ட இரண்டு கையையும் அகல விரித்து நிற்கிறான். காவலாள் உடம்பைத் தடவிச் சோதிக்கிறான். அவ்வளவுதான் படம். அதற்கு மேல் ஒரு முதலாளியையும் வரையத் தேவையிருக்கவில்லை.

மேல்தளத்தில் சிவப்புச் சட்டை போட்டுத் துப்பாக்கி விநியோகிக்கும் ஃப்ரீடாவின் முன்னால்தான் எப்போதும் கூட்டம். அதே வரிசையில் ராக்ஃபெல்லர், மார்கன், ஹென்றி ஃபோர்டு மூவரும் பங்குச்சந்தைக் காகிதச் சுருளை விருந்தாகச் சாப்பிடும் படமும் உண்டு. இதை வரைந்த சில வருடங்களிலேயே ரிவேரா ஃபோர்டு மகனின் பணத்தில் டெட்ராய்ட்டிலும், பிறகு ராக்ஃபெல்லர் பணத்தில் நியூயார்க்கிலும் வேலை செய்தார். வழிகாட்டி இதைச் சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார்.

நான் தேடிப்போனது வேறொரு படம்: ‘நம் ரொட்டி’. மேசையைச் சுற்றிப் பல நிறத்து மக்கள் உட்கார்ந்திருக்க, நடுவில் இருப்பவர் ரொட்டியைப் பிட்டுப் பகிர்கிறார். அவர் பாண்டுரங்க் கான்கோஜேயின் சாயல் என்று சொல்லப்படுகிறது. வார்தாக்காரர், கதர் (Ghadar) இயக்கத்துப் புரட்சியாளர். பிரிட்டிஷ் அரசுக்குத் தப்பி நாடு நாடாகச் சுற்றி மெக்சிகோ வந்து, சாப்பிங்கோ வேளாண் கல்லூரியில் பேராசிரியராகி மக்காச்சோளத்தை ஆராய்ந்தார். ஏழை உழவர்களுக்கு இலவச வேளாண் பள்ளிகள் நடத்தினார். அந்த முயற்சியில் ரிவேரா அவருக்குத் தோழர். பிறகு 1952-இல் இந்திய ஓவியர் சதீஷ் குஜ்ரால் இதே ஊருக்கு வந்து ரிவேராவிடமும் இன்னொரு சுவரோவியரான சிக்கேரோஸிடமும் பயின்று போனார். நம் பாடப்புத்தகங்களில் கான்கோஜேக்கு ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. இங்கே சுவரில் உட்கார்ந்து ரொட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக அபெலார்தோ ரோத்ரிகெஸ் சந்தை. குழுவில் சிலர் கால் வலி என்று அதற்கு முன்பே கழன்றுகொண்டார்கள், இழப்பு அவர்களுக்கே. 1934-இல் திறந்த சந்தை. அப்போதைய ஜனாதிபதியின் பெயரையே வைத்தார்கள். அவர் பெரும் பணக்காரர். ரிவேராவின் மேற்பார்வையில் இளம் ஓவியர்களை அமர்த்தி, உணவு, ஊட்டச்சத்து என்று சாதுவான தலைப்புகளைக் கொடுத்தது அரசு. அவர்களோ விளைச்சல் யார் வயிற்றுக்குப் போகிறது என்று வரைய ஆரம்பித்துவிட்டார்கள். அமெரிக்கச் சகோதரிகள் மரியன், கிரேஸ் கிரீன்வுட் இருவரும் ஒரு மாடிப்படியைச் சுற்றிக் கரும்பையும் சுரங்கத்தையும் நிறைத்தார்கள். மாடியில் ஜப்பானிய-அமெரிக்கச் சிற்பி இசாமு நொகுச்சி செங்கல்லும் வண்ணச் சிமெண்டும் கொண்டு 1936-இல் முடித்த இருபது மீட்டருக்கு மேல் நீளமான புடைப்புச் சிற்பம். அதில் ஓங்கிய ஒரு சிவப்பு முஷ்டி. ஒரு சிறுவன் முன்னால் ஐன்ஸ்டைனின் ‘ஈ ஈக்வல் டு எம்.சி. ஸ்கொயர்’. சூத்திரம் சரிதானா என்று நொகுச்சி தந்தியில் கேட்க, நண்பர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் ஐம்பது வார்த்தையில் விளக்கிப் பதில் தந்தி அடித்தாராம்.

ஒரு வாசல் சுவரில், உழவர்களின் கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் துடைப்பக்கட்டுகள் சாத்தியிருந்தன. ஈரம் ஏறிச் சாந்து உப்பி, ஒரு பெண்ணின் கன்னம் உரிந்து சுண்ணாம்பு தெரிந்தது. மின்சார வயர் ஒருவரின் நெற்றிக்குக் குறுக்கே போனது. அவ்வப்போது சில பகுதிகளைச் சீர் செய்திருக்கிறார்கள், முழுவதையும் அல்ல. வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்த பெண் எங்களைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலே தொங்கவிட்டிருந்த பையெல்லாம் ஒதுக்கி, “நன்றாகப் பாருங்கள்” என்றார். பிறந்ததிலிருந்து பார்க்கிறாராம், அந்தக் குதிரை மட்டும் சரியாக வரவில்லை என்பது அவர் கட்சி. எனக்கும் அப்படித்தான் பட்டது.

படிக்காதவனும் போகிறபோக்கில் பார்க்கட்டும் என்று தொடங்கிய கலை இது. மற்ற இடங்களில் சுவர்கள் பத்திரமாக இருக்கின்றன. பார்ப்பவர்கள் நாங்கள்தான், கேமராவும் தொப்பியுமாக. சந்தையில் சுவர் உரிகிறது. பார்ப்பவர்கள் யாருக்காக வரைந்தார்களோ அவர்கள். இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றும் வழி அந்த நகராட்சிக்கு இன்னும் பிடிபடவில்லை. கன்னத்துக்கு முதலில் ஒரு கொத்தனாரையாவது அனுப்பலாம்.

மெக்சிகோ நகரம் போகிறவர்கள் நடையைத் தலைகீழாக்கிச் சந்தையிலிருந்து தொடங்குங்கள். கால் வலிக்கு முன் அதைப் பார்த்துவிடலாம். காலையிலேயே போங்கள், கடைகள் முழுதாகப் பரப்புவதற்கு முன். நுழைவுக் கட்டணம் கிடையாது. அரைக் கிலோ தக்காளி வாங்கிக்கொண்டு கேட்டால் எந்தக் கடைக்காரரும் துணியை விலக்கிக் காட்டுவார்.