‘டைம் என்னடா தம்பி?’

எங்க ஊரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பள்ளிக்கூடத்துலயோ, டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங் கிளாஸ்லயோ கண்டிப்பா படிச்சிருப்பீங்க. உத்திரமேரூர், பராந்தக சோழன், குடவோலை முறை, கி.பி. 919, 921 கல்வெட்டு... சரியா எழுதினா ரெண்டு மார்க்! அந்த உத்திரமேரூரில் டவுன் பஸ் ஏறி, புளியமரத்து ஸ்டாப்பிங்கில் இறங்கி, கொஞ்ச தூரம் நடந்தால் எங்க கிராமம். ராஜராஜ சோழனுக்கு முந்தியே ஓட்டுப் போட்ட ஏரியாவாக்கும் என்று காலேஜ் ஹாஸ்டலில் நான் விடாத பீலா இல்லை.

அந்தக் கிராமத்துக்குப் போன மாசி மாசம் என் சித்தப்பா தெற்கு சூடானில் இருந்து வந்து இறங்கினார்.

சித்தப்பா ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்ட். லக்னோவில் ட்ரெய்னிங் எடுத்தவர். ஊசி போடுவது, கட்டுப் போடுவது, ரத்தம் கொட்டும் ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் அவர் டிபார்ட்மென்ட். ஊருக்கு மட்டும் அவர் ‘மிலிட்டரி டாக்டர்’. “டாக்டர் இல்லப்பா” என்று இருபது வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஐ.நா. அமைதிப் படைக்காக மலக்கால் என்ற ஊரில் இந்திய ராணுவம் நடத்திய ஆஸ்பத்திரியில் அவருக்கு டியூட்டி. வெள்ளை நைல் நதிக்கரை ஊர் அது. (“பத்திரிகைல எழுதப் போறியாமே, எழுது. என் பேரைப் போட்டே... தோலை உரிச்சிடுவேன்” என்று சொல்லிவிட்டதால் வெறும் சித்தப்பா!)

‘ஃபாரின் ரிட்டர்ன்’ என்றால் எங்க ஊருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. துபாயிலிருந்து வந்தால் சென்ட் பாட்டில், சிங்கப்பூரிலிருந்து வந்தால் கோடாலித் தைலம். சித்தப்பா பையைத் திறந்தால் ஒரு நீலத் தொப்பி, ஒரு ஐ.நா. மெடல், நாலு செட் துவைக்காத துணி. தெருவே கொஞ்சம் அப்செட். ‘மிலிட்டரி சரக்கு’ எதிர்பார்த்து வந்த ரெண்டு பெரியப்பாக்கள் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

ஆனால் மாடு பற்றிப் பேச ஆரம்பித்ததும் திண்ணை நிறைந்துவிட்டது. “அங்கயும் மாடுதான் சொத்து. கொம்பு இம்மாம் நீளம். பொண்ணு கட்டணும்னா மாடு குடுக்கணும். நம்ம ஆர்மி மாட்டு டாக்டருங்க கேம்ப் போட்டா, மனுஷங்க வரிசையை விட மாட்டு வரிசை பெருசா இருக்கும்.” ஊரே வாயைப் பிளந்து கேட்டது. அவர் ஏன் மாட்டைப் பற்றி மட்டும் பேசுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் திக் திக். ஏனென்றால் வீட்டுக்குள்ளே புதுசாகச் சந்தன மாலை போட்ட ஒரு போட்டோ இருந்தது.

ஆயா. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அம்மா. போன புரட்டாசியில் இறந்துபோனார். சித்தப்பாவால் வர முடியவில்லை. மலக்காலில் இருந்து தலைநகர் ஜூபாவுக்கு ஐ.நா. விமானம் கிடைக்க வேண்டும், அங்கிருந்து வேறு விமானங்கள் மாற வேண்டும். “அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும், நீ அலையாத”ன்னு அப்பாதான் சொன்னார். இங்கே சாயங்காலம் நாலு மணிக்குத் தூக்கினார்கள். அங்கே பகல் பன்னிரண்டரை. நான் வீடியோ கால் போட்டுப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே சுடுகாடு வரை நடந்தேன். பாதி வழியில் நெட்வொர்க் போய்விட்டது.

அவரிடம் அப்பா சொன்ன வார்த்தை இதுதான்: “தூக்கத்துலயே போயிட்டாங்கடா. ஒண்ணும் பண்றதுக்கு இல்ல.”

அது பொய். அவ்வளவு தூரத்தில் இருப்பவன் மனசு கெடக் கூடாது என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. அந்தப் பொய்க்குள்ளே என்னுடைய பொய் ஒன்றும் இருந்தது. அது அப்பாவுக்கே தெரியாது.

சித்தப்பா வந்த மறுநாள் காலையில் திண்ணையில் பி.பி. மெஷினோடு உட்கார்ந்தார். வழக்கமான சீன்தான். லீவில் வந்தால் தெருவே வரிசையில் நிற்கும். ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு சுகர். மூணாவது ஆளாகப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா கையை நீட்டினார். சித்தப்பா பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் பாட்டுக்குச் சொன்னார்: “உங்கம்மாவுக்கும் அன்னிக்கு இப்படி யாராவது பாத்திருந்தா... காலைலயே வாய் கோணிக்கிச்சுப்பா. பச்சிலை வச்சுக் கட்டினோம், எண்ணெய் போட்டு உருவினோம். மத்தியானம்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினாங்க. மூணாம் நாள் போயிட்டா.”

அப்பா வாசலில் நின்றிருந்தார். நான் பக்கத்தில். சித்தப்பாவின் கை நிற்கவில்லை. காற்றை மெதுவாக இறக்கி, முள்ளையே பார்த்து, “நூத்தி அம்பது, தொண்ணூறு. உப்பைக் குறைங்க பெரியம்மா” என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வரிசை முடிகிறவரை எல்லோருக்கும் பார்த்தார். அதற்குப் பிறகுதான் என்னிடம், “டேய், வண்டியை எடு. அஸ்தி எங்க கரைச்சீங்களோ அங்க கூட்டிட்டுப் போ” என்றார்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று சேர்கிற இடம் திருமுக்கூடல். ‘சேர்கிற’ என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மாசியில் அங்கே மணல்தான் ஆறு. நடுவில் ஒரு கோடு மாதிரித் தண்ணீர். கரையில் வெங்கடேசப் பெருமாள் கோயில். இந்தக் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. குடவோலை அளவுக்கு ஃபேமஸ் ஆகாததால் எக்ஸாமில் கேட்பதில்லை. 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் இங்கே ‘வீரசோழன்’ என்ற பெயரில் ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. 15 படுக்கை. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அறுவை செய்ய ஒருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் ரெண்டு பேர், மூலிகை பறித்து விறகு கொண்டு வந்து மருந்து காய்ச்ச ரெண்டு பேர். பாடசாலை மாணவர்களுக்கும் கோயில் ஊழியர்களுக்கும் அங்கேதான் வைத்தியம். ஸ்டாக்கில் வைக்க வேண்டிய மருந்துகளின் லிஸ்ட்கூடக் கல்லில் இருக்கிறது.

பயத்தில் நான் இதையெல்லாம் கடகடவென்று ஒப்பித்தேன். பேச்சை நிறுத்தினால் அவர் கேட்டுவிடுவார் என்ற பயம். சித்தப்பா லேசாகச் சிரித்தார். “அந்த மூலிகையும் விறகும் கொண்டு வர்ற ரெண்டு பேர் இருக்காங்க பாரு, அதான்டா நாங்க.”

மணலில் உட்கார்ந்தோம். கேட்டுவிட்டார்.

“வாய் எந்தப் பக்கம் கோணுச்சு?”

“வலது பக்கம்.”

“கை?”

“வலது கைதான். டம்ளரைப் பிடிக்க முடியல.”

“பேச்சு?”

“குழறுச்சு.”

“டைம் என்னடா தம்பி?”

இதே கேள்வியை ஆஸ்பத்திரியில் டாக்டரும் கேட்டார். எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது? அப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா பெரியம்மாவைப் பார்த்தார். “விடிஞ்சப்புறம் சார், ஏழு, எட்டு இருக்கும்” என்றார் அப்பா. நான் வாயைத் திறக்கவில்லை.

ஏனென்றால் எனக்குத் தெரியும். 5.10.

அன்றைக்கு எனக்கு இன்டர்னல் டெஸ்ட். அஞ்சு மணிக்கு அலாரம். கண்ணை மூடிக்கொண்டு அதை அமுக்கும்போது வாசலில் ஆயா சாணி தெளிக்கிற சத்தம் கேட்டது. பத்து நிமிஷம் கழித்து எழுந்து வந்தால் ஆயா அடுப்படியில் காபியோடு உட்கார்ந்திருந்தார். கடைவாயில் காபி ஒழுகியது. “இன்னா ஆயா, கொழந்த மாதிரி ஒழுக விடுற?” என்று துண்டால் துடைத்துவிட்டேன். ஏதோ சொல்ல வந்தார், புரியவில்லை. புரட்டாசி விரதம், சாப்பிடாமல் இருந்ததால் வந்த மயக்கம் என்று நானே முடிவு பண்ணி, கையில் இன்னும் கொஞ்சம் காபி கொடுத்துவிட்டுப் போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். சிக்னல் ப்ராசஸிங். படிக்கிறது இ.சி.இ., கண் முன்னாடி வந்த சிக்னல் தெரியவில்லை.

மொத்தத்தையும் சொல்லி முடித்தேன். அஞ்சு மாசமாக யாரிடமும் சொல்லாதது. சித்தப்பா திட்டுவார், அல்லது கட்டிப் பிடித்து “உன் தப்பில்லடா” என்பார் என்று நினைத்தேன். சினிமாவில் ரெண்டில் ஒன்று நடக்கும். அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

“அஞ்சு மணிக்கு சாணி தெளிச்சாங்கன்னா அப்ப நல்லா இருந்திருக்காங்க. அதுலேர்ந்துதான் கணக்கு. நாலரை மணி நேரம். ஒம்பதரை வரைக்கும் டைம் இருந்துச்சு.”

அப்புறம் விளக்கினார். மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால், கட்டியைக் கரைக்கிற ஊசி இருக்கிறது. நல்லா இருந்ததைக் கடைசியாகப் பார்த்த நேரத்தில் இருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஏனென்றால் அடைப்பு இல்லாமல் ரத்தக் கசிவாக இருந்தால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். அதனால்தான் ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராக ஓட வேண்டும். வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது, காபிகூட. புரையேறிவிடும்.

“போட்டிருந்தா பொழச்சிருப்பாங்கன்னு நான் சொல்லல. எல்லாருக்கும் அந்த ஊசி போடவும் முடியாது. ஆனா டைம் இருந்துச்சு. தெரிஞ்ச டைமை டாக்டர்கிட்ட மறைக்காத. எங்களுக்கு முதல்ல சொல்லித் தர்றதே அதான். ரத்தம் நிக்க காலை இறுக்கிக் கட்டினா, கட்டின டைமை நெத்தியிலயே எழுதுவோம். பின்னால பாக்குறவனுக்கு அது ஒண்ணுதான் துணை.”

கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். மலக்காலில் ஒரு அம்மா காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாளாம். எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேட்டால் பாஷை தெரியாது. வானத்தில் சூரியனைக் காட்டி, ரெண்டு விரலைக் காட்டினாளாம். ரெண்டு சூரியன். ரெண்டு நாள். “அவளுக்குக்கூடத் தெரிஞ்சிருந்துச்சுடா” என்றார். அந்தக் குழந்தை என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை.

பிறகு கொரியா கதை சொன்னார். ராணுவ மருத்துவப் பிரிவில் எல்லோருக்கும் தெரிந்த கதையாம். கொரியப் போருக்கு இந்தியா சண்டை போட ஆள் அனுப்பவில்லை. 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் படையை 1950 நவம்பரில் அனுப்பியது. 300க்கும் மேற்பட்ட ஆட்கள். தலைமை லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி.ரங்கராஜ். முதல் இனிஷியல் ‘ஏ’ என்றால் ஆற்காடு. நம்ம பக்கத்துப் பேர்! பியோங்யாங்கில் இருந்து எல்லோரும் பின்வாங்கும்போது, மருந்தையும் சாமான்களையும் விட்டு வர மனசில்லாமல், ஒரு பழைய நீராவி எஞ்சினைத் தேடிப் பிடித்து, வரிசையாக நின்று பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் நிரப்பி, எஞ்சின் ஓட்டத் தெரிந்த ஜவான்களை வைத்தே ரயிலைக் கிளப்பி வந்துவிட்டார்கள். 1951 மார்ச் 23 அன்று முன்சான்-னி என்ற இடத்தில் அமெரிக்கப் படையோடு ரங்கராஜும் அவர் குழுவினரும் பாராசூட்டில் குதித்தார்கள். அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. 2020 ஜூலை மாதத்துக்கான போர் வீரராகத் தென் கொரிய அரசு அவரை அறிவித்துக் கௌரவித்தது. அதே 60ஆவது படைதான் 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்துக்கும் போய் ஆஸ்பத்திரி போட்டது.

செம கதை இல்லையா? நான் நோட்ஸ் எடுக்கப் போனைத் தேடினேன். சித்தப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “1954 பிப்ரவரி வரைக்கும் அங்க இருந்தாங்கடா. மூணு வருஷத்துக்கு மேல. அந்த முந்நூறு பேர் வீட்ல எத்தனை அம்மா போயிருப்பாங்க? எத்தனை பேருக்கு ‘தூக்கத்துலயே போயிட்டாங்க’ன்னு லெட்டர் வந்திருக்கும்?”

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது 5.10 மேட்டரை வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா சாதக் கரண்டியோடு அப்படியே நின்றார். அப்பா பாதியில் எழுந்து கை கழுவிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. சித்தப்பாவோடும்தான். மூணாம் நாள் அவராகவே, “நானும் அன்னிக்கு எண்ணெய் தேச்சேன்ல” என்று யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னார்.

லீவு முடிகிறவரை திண்ணையில் பி.பி. பார்க்கிற எல்லோரிடமும் சித்தப்பா மூணு வேலை வாங்கினார். “ஈன்னு சிரிங்க. ரெண்டு கையையும் தூக்குங்க. உங்க பேரைச் சொல்லுங்க.” கிழவிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “ஆப்பிரிக்கா போய் வந்ததுல புள்ளைக்கு ஏதோ ஆயிடுச்சு!” அவர் கண்டுகொள்ளவில்லை. இந்த மூணில் ஒண்ணு வராவிட்டாலும் மணியைப் பாருங்க, 108க்குப் போன் போடுங்க, பச்சிலை பறிக்கப் போகாதீங்க. அவ்வளவுதான் வசனம். பச்சிலைப் பெரியம்மாவை மட்டும் தினமும் ரெண்டு தடவை சிரிக்க வைத்தார்.

சித்தப்பா யூனிட்டுக்குக் கிளம்பிப் போய் மூணு வாரம் இருக்கும். லீவுக்கு வந்திருந்தேன். விடியக்காலையில் கதவு தடதட. பெரியம்மா! “டேய் தம்பி, ஓடியா! உங்க பெரியப்பா சிரிக்க மாட்டேங்குறாரு!”

போனை எடுத்துக்கொண்டு ஓடினேன். பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “சிரிங்க பெரியப்பா, கையைத் தூக்குங்க!” என்று கத்தினேன். ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, எங்கள் ரெண்டு பேரையும் பெயர் சொல்லி, அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையில் தெளிவாகத் திட்டினார். ஒரு எழுத்துகூடக் குழறவில்லை. ராத்திரி நடந்த சண்டையில் பெரியம்மா மேல் கோபமாம், அதான் சிரிக்கவில்லையாம்.

வாசலுக்கு வந்துதான் போனைப் பார்த்தேன். ஓடும்போதே டைப் பண்ணி வைத்திருந்தேன் போல. 5.22.