மயிலும் மாமனாரும்

1760 ஜனவரி 22-ல் வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் பீரங்கியோடு மோதிக்கொண்ட ஊர் எங்கள் வந்தவாசி. அதற்கப்புறம் இங்கே துப்பாக்கி தூக்கிய மாவீரன் அடியேன்தான்! (திருவிழாவில் பலூன் சுடுகிறவர்கள் மன்னிக்க.)

என்னுடையது ஏர் ரைஃபிள். ஆறாயிரம் ரூபாய். 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூல் சக்திக்குள் இருந்தால் 2016 ஆயுத விதிகள்படி லைசென்ஸ் வேண்டாம். பாதிப் பணம் மாமனார் கொடுத்தார். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

மொட்டை மாடியில் மணல் மூட்டை, அதன்மேல் அட்டை, பத்து மீட்டர் தூரம். குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றினால், சுடும்போது முன்னும் பின்னும் உதறும். இறுக்கிப் பிடித்தால் குறி தப்பும். தளர்வாகத் தாங்கினால்தான் படும். இது புரிவதற்குள் ஒரு டப்பா பெல்லட் காலி! 2008-ல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இதே பத்து மீட்டரில்தான். நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர், சார்!

ஒரு ஞாயிறு மாமனார் வந்தார். "மாப்ளே, கடலைக்கொல்லை பூரா மயில் கிளறுது. வந்து ரெண்டைப் போடுங்க."

"மாமா, தேசியப் பறவை. 1972-லயே சட்டம் இருக்கு. ஜெயில்!"

"யாரு பார்க்கப்போறா?"

போனேன். பாதிக் கொல்லை நாசம். அவர் கோபம் நியாயம்தான். குறியில் நீலக் கழுத்து. விரல் விசையில். மயில் திரும்பிப் பார்த்தது. துப்பாக்கியை இறக்கிவிட்டேன்.

அந்த மூவாயிரத்தை மாசம் ஐந்நூறாகத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். இந்த வருஷம் எங்கள் வீட்டுக்குக் கடலை மூட்டை வரவில்லை.