அச்சு இரவல் போன டிசம்பர்

30 நவம்பர் 2017, வியாழன்

விடியுமுன் தொடங்கிய காற்று இன்னும் ஓயவில்லை. கொல்லையில் கமுகு ஏழெட்டு முறிந்துவிட்டது. வாழையில் ஒன்றுகூட நிற்கவில்லை. கரண்ட் இல்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் இதற்குமேல் எழுத வரவில்லை.

2 டிசம்பர்

கருங்கல் ரோட்டில் ரப்பர் மரங்கள் குறுக்கே கிடக்கின்றன, மின்கம்பங்கள் கம்பியோடு படுத்திருக்கின்றன என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்லிப் போனான். புயலுக்கு ஒக்கி என்று பெயராம். எங்களுக்குப் பெயர் தெரிந்தபோது அது லட்சத்தீவுப் பக்கம் போய்விட்டிருந்தது.

கிறிஸ்மஸ் விற்பனைக்கென்று நின்ற ஏத்தன் குலைகள் எல்லாம் தரையில். இவர் குலை குலையாகத் தூக்கி வந்து திண்ணையில் போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. மாமிதான் முதலில் கத்தியை எடுத்தாள். தோலை உரித்து மஞ்சள் தண்ணீரில் ஊறவிட்டு, துடைத்து, எண்ணெய்ச் சட்டிக்கு மேலேயே வட்ட வட்டமாகச் சீவுவது அவள் கைக்கு மட்டும் வரும். முக்கால் பதம் வெந்ததும் உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை ஒரு கரண்டி எண்ணெயிலேயே ஊற்றுவாள். நான் வாசலுக்கு ஓடிவிடுவேன். படபடவென்று பொங்கும். அந்தச் சத்தம் அடங்கினால் சிப்ஸ் மொறுமொறுத்துவிட்டது என்று கணக்கு. சாயங்காலத்துக்குள் இரண்டு தகர டின் நிறைந்தது. டிசம்பர் இரண்டாம் தேதியே கிறிஸ்மஸ் பண்டம் தயாரான வீடு இந்த ஊரில் எங்களுடையதாகத்தான் இருக்கும். அதைச் சொல்லி மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

3 டிசம்பர், ஞாயிறு

திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. பீடத்தருகே வளையத்துக்குள் நிற்கும் நான்கு மெழுகுதிரிகளில் இன்றைக்கு ஒன்றைத்தான் கொளுத்த வேண்டும். கரண்ட் இல்லாத கோவிலில் எங்கே பார்த்தாலும் திரி எரிந்தது. அந்த ஒன்று தனியாகத் தெரியவில்லை.

மன்றாட்டு நேரத்தில் சாமியார் ஊர்களை வரிசையாகச் சொன்னார். நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை. கடலுக்குப் போனவர்களுக்காகக் கேட்டோம்.

7 டிசம்பர்

கடற்கரை ஊர்க்காரர்கள் குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னும் தேடுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்பது. அந்தப் பக்கத்தில் சுறா பிடிக்கப் போகிறவர்கள் கிளம்பினால் வாரக்கணக்கில் நடுக்கடலில்தான் கிடப்பார்கள். கரையில் புயல் எச்சரிக்கை சொன்ன நேரத்தில் அவர்கள் காதுக்கு எட்டாத தூரத்தில் இருந்தார்கள். சில போட்டுகள் லட்சத்தீவில் ஒதுங்கியிருக்கின்றன, சில மகாராஷ்டிராவில் தேவ்கட் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்திருக்கின்றன. அதனால் வராதவர்கள் எல்லாரும் எங்கேயோ ஒதுங்கியிருக்கலாம்.

நம் மீனக்கா புயலுக்குப் பிறகு இந்தப் பக்கம் வரவேயில்லை. அவள் மகளுடைய மாப்பிள்ளை போன போட்டைப் பற்றித் தகவல் இல்லை என்று இன்றுதான் தெரிந்தது.

"வந்தாலும் மீன் வாங்காதே, கடல்ல ஆளு கெடக்கு" என்றாள் மாமி.

11 டிசம்பர்

கரண்ட் இல்லை.

12 டிசம்பர்

திருகையை எடுத்துக் கழுவிக் காயவைத்திருக்கிறாள் மாமி. முந்திரிக்கொத்துக்குப் பயறு உடைக்கப் போகிறாளாம். இந்த வருஷம் வேண்டாமே என்றேன். "பண்டம் சுட ஒரு மாசம், திங்க ஒரு மாசம், இப்போ தொடங்காம எப்போ?" என்று திருப்பிக் கேட்டாள். கடல்ல ஆளு கெடக்கு என்று சொன்னவளும் இவளேதான்.

மிக்சி வந்த பிறகு திருகை கோழிக்கூட்டுக்கு முட்டுக்கொடுக்கத்தான் ஆயிற்று. இன்று நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பிடியைப் பிடித்துச் சுற்றினோம். வறுத்த சிறுபயறு பிளந்து விழும் வாசனை வீடு முழுக்க. முறத்தில் போட்டுப் புடைத்துத் தோல் நீக்கி, மறுபடி திருகையில் போட்டு மாவாக்க வேண்டும். ரொம்ப நைசாகப் போனால் பாகில் களி ஆகிவிடும், ரவைபோல் நிற்க வேண்டும். மிக்சியில் எனக்கு ஒருநாளும் அந்தப் பதம் வந்ததில்லை.

பாதியில் கையை நிறுத்தி, "அவளுக்க மோளுக்கு எத்தனை வயசு இருக்கும்?" என்று கேட்டாள். இருபத்தைந்து இருக்கலாம் என்றேன். பிறகு சுற்றினோம்.

14 டிசம்பர்

பள்ளிக்கூடம் இல்லாததால் மகளுக்குக் கை நமநமவென்கிறது. விழுந்த கமுகைப் பிளந்து சிம்பு சீவித் தரச் சொல்லி அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். கொல்லையில் கிடந்த மரத்தைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தவர் இன்று அரிவாளோடு போய் உட்கார்ந்தார்.

நட்சத்திரம் கட்டுவது கணக்குத் தெரிந்தவர்களுக்கு எளிது. ஒரே நீளத்தில் பத்துச் சிம்பு. ஐந்தை ஒன்றன்மேல் ஒன்று பின்னி முனைகளைக் கட்டினால் ஒரு நட்சத்திரம், மீதி ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்தி ஐந்து முனையிலும் நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். உள்ளே சிம்புகள் குறுக்கிடும் ஐந்து இடத்தில் சாண் நீளக் குச்சியை முட்டுக்கொடுத்து நிறுத்தினால் நடு உப்பி வரும். குட்டைக் குச்சிகளில் ஒன்று நீளம் கூடினாலும் முகம் கோணிவிடும். பிறகு வர்ணத்தாள். மைதாவைக் காய்ச்சின பசையில் கொஞ்சம் மயில்துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது. அது விஷம் என்பதால் பசைச் சட்டியை மாமி சமையலறைப் பக்கமே விடவில்லை.

சிவப்பும் மஞ்சளும். முன்பக்கம் ஒரு கதவு மாதிரித் திறப்பு விட்டிருக்கிறாள், பல்பு மாட்ட. எந்தக் கரண்டுக்கு என்று அப்பா கேட்டார். அவரும் சிரித்தார்.

கட்டலாமா வேண்டாமா என்று ராத்திரி சாப்பாட்டில் பேச்சு வந்தது. நான்தான் வேண்டாம் என்றேன். நாலைந்து மைல் தெற்கே அழுகை, இங்கே திண்ணையில் நட்சத்திரம் தொங்கினால் நன்றாகவா இருக்கும்? மகள் பதில் சொல்லாமல் அதை மூலையில் சாத்தி வைத்தாள்.

15 டிசம்பர்

கரண்ட் வந்தது. தெருவே கூச்சல் போட்டது. பக்கத்து வீட்டில் உடனே மிக்சி ஓடியது.

17 டிசம்பர்

மீனக்கா வந்தாள். தலையில் சருவம் இல்லை. திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் மகளையும் பேரனையும் கூட்டிப்போய் ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழி. ஆள் அடையாளம் தெரியாத உடல்கள் அங்கே இருக்கின்றன. பேரனின் ரத்தத்தோடு ஒத்துப்பார்ப்பார்கள். மகளைப் பஸ்ஸில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு இவள் மட்டும் இங்கே இறங்கியிருக்கிறாள். ஏன் இறங்கினாள் என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

மூலையைப் பார்த்தாள். "பிடிச்ச நட்சத்திரத்த ஏன் டீச்சரே சாத்தி வச்சிருக்கிய?"

"இந்த வருஷம் கட்டண்டாம்னு..."

"எங்களை நெனச்சா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"எங்க வீட்டுல கெட்டியாச்சு. மோளுதான் ஏணி வச்சுக் கெட்டினா. கெட்டலேன்னா அவன் இல்லேன்னு நாங்களே சொன்னதா ஆவும்லா?"

முந்தாநாள் சொந்தக்காரர் வீட்டிலிருந்து பாத்திரம் நிறையப் பலகாரம் கொண்டுவந்தார்களாம். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டாளாம். சொல்லும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. "எழவு வீட்டுக்குக் கொண்டு வாறது போல, எதுக்கு?"

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். சொந்தமும் அயலும் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கும். நல்ல வழக்கம், நானே எத்தனையோ வீட்டுக்குத் தூக்கு நிறையக் கொண்டுபோயிருக்கிறேன். முந்திரிக்கொத்து சுட்டதும் முதல் ஈடு மீனக்கா வீட்டுக்கு என்று இந்த முறையும் மனதில் எடுத்து வைத்திருந்தேன்.

போகும்போது, "மழ பெய்யுமுன்ன கெட்டிருங்க, தாளு போயிரும்" என்றாள்.

18 டிசம்பர்

நட்சத்திரம் கட்டியாயிற்று. "இந்த வருஷமுமா?" என்று எதிர்வீட்டில் கேட்டார்கள்.

19 டிசம்பர்

பிரதமர் கன்னியாகுமரிக்கு வந்து போனார். டிவியில் பார்த்தோம்.

20 டிசம்பர்

காணாமல் போனவரைப் பற்றி ஏழு வருஷம் தகவல் இல்லை என்றால்தான் வழக்கமான சட்டப்படி இறந்தவராகக் கொள்வார்கள் என்று இவர் யாரிடமோ கேட்டு வந்து சொன்னார். அதுவரை இன்சூரன்சுக்கும் வழியில்லை, பாங்குக் கணக்கையும் தொட முடியாது. அரசாங்கம் இவர்களுக்காக விதியைத் தளர்த்தும் என்றும் பேசிக்கொள்கிறார்களாம்.

மாமி கேட்டுக்கொண்டே தேங்காய் துருவினாள்.

21 டிசம்பர்

முந்திரிக்கொத்து. பயற்றுமாவு, சிவக்க வறுத்த தேங்காய்த்துருவல், எள், சுக்கு, ஏலம். கருப்பட்டிப் பாகு கம்பிப் பதத்தில் வந்ததும் கொட்டிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்ட வேண்டும், ஆறினால் உதிரும். எனக்கும் மகளுக்கும் உள்ளங்கை சிவந்துவிட்டது. ராத்திரி முழுக்க உருண்டைகள் காய்ந்து இறுகட்டும். நாளைக்குப் பச்சரிசி மாவு, மஞ்சள், உப்புக் கரைசலில் மும்மூன்றாய் முக்கிப் போட்டால் எண்ணெயில் ஒட்டிக் கொத்தாகிவிடும்.

காலையிலிருந்து எனக்கு எரிச்சல். காரணமில்லாமல் மகளைத் திட்டினேன்.

23 டிசம்பர்

மீனக்கா மறுபடி வந்தாள். பேரன் அச்சப்பம் கேட்கிறானாம். அவள் வீட்டு அச்சு துருவேறிக் கிடக்கிறது. அச்சு இருக்குமா டீச்சரே?

மாமியின் பித்தளை அச்சு அவள் அம்மா தந்தது. கூடப்பிறந்த தங்கைக்கே ஒருமுறை இல்லை என்று சொன்னவள். நான் வாயெடுக்குமுன் உள்ளே போய் எடுத்துவந்து, துணியால் துடைத்து, பாடம் நடத்தத் தொடங்கினாள். எண்ணெய் காயும்போதே அச்சும் உள்ளே கிடந்து காய வேண்டும். மாவில் முக்காலளவுதான் முக்கணும், முழுசா முக்கினா மேலேயும் மாவு மூடிக் கழலாது. முதல் ரெண்டு ஒட்டும், பதறாதே, பிறகு தானா விடும். மீனக்காவுக்கு இதெல்லாம் தெரியாதா என்ன? தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

பச்சரிசி இரண்டு படி, தேங்காய் நான்கு, முட்டை, சீனி, ஒரு குப்பி எண்ணெய். மாமி பையில் வைத்ததெல்லாம் இவ்வளவுதான். அடுக்களையில் மூன்று டின் நிறையப் பண்டம் இருந்தது, ஒன்றின் மூடியையும் திறக்கவில்லை.

25 டிசம்பர்

நள்ளிரவுத் திருப்பலியில் வெடி இல்லை, வாத்தியம் இல்லை. குடிலில் மகள் கேழ்வரகு தூவி முளைக்கவைத்த புல் நெட்டையாக வளர்ந்து ஆட்டுக்குட்டிகளை மறைத்துவிட்டது. ஒரே ஒரு முந்திரிக்கொத்துத் தின்றேன். நன்றாகவே வந்திருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

26 டிசம்பர்

சுனாமி வந்த நாள். 2004-இல் முந்தினநாள் பண்டம் டின்னிலேயே இருக்க, குளச்சலிலும் மணக்குடியிலும் ஆட்களைத் தேடினார்கள். கிறிஸ்மஸுக்கு மறுநாள் பாட்டி எப்போதும் சத்தமாகப் பேசமாட்டாள் என்று மகள் இன்றைக்குத்தான் கவனித்ததாகச் சொன்னாள்.

3 ஜனவரி 2018

தெருவில் மீனக்காவின் குரல். தலையில் சருவம். ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் பதிலில்லை. ஏதோ மனு ஒன்றைப் பூர்த்திசெய்யத் தந்தாள். ஆளின் நிலை என்று ஒரு கட்டம் இருந்தது. "அதை விட்டிரு, மத்ததை எழுது" என்றாள். எழுதினேன்.

அச்சப்பம் எப்படி வந்தது என்று மாமி உள்ளேயிருந்து கேட்டாள். முதல் நாலு ஒட்டிச்சு, பிறகு விட்டுது. அச்சு அடுத்த தடவை கொண்டு வாறேன் என்று பதில் போயிற்று. மாமி வெளியே வந்து சருவத்துக்குள் எட்டிப் பார்த்தாள். சாளை. செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கூறு எவ்வளவு என்றாள்.

"நூற்றிருபது."

"எண்பது."

"எண்பதுக்கு வேற ஆளைப் பாருங்க மாமி" என்று சருவத்தை மூடப் போனாள். நூறுக்கு முடிந்தது.