இரண்டு தவில்

சென்ற தைப்பொங்கலன்று ரொறன்ரோவிலிருந்து என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். நலம் விசாரித்து முடிந்ததும் மகனைப் பற்றிய முறைப்பாடு தொடங்கிற்று. பகலில் ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்யும் அவன், வார இறுதிகளில் நண்பர் மூவருடன் கூடி இசைக்குழு ஒன்றில் பாஸ் கிற்றார் வாசிக்கிறான்.

“அண்ணை, ஒரு கிற்றாருக்கு மூன்று ஒலிபெருக்கி எதுக்கு? நிலவறையிலை உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குக் கிட்டப் போக வழியில்லை. நீங்கள் சொன்னால் கேட்பான். ஒண்டை வைச்சுக்கொண்டு மற்றதை விக்கச் சொல்லுங்கோ.”

ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் அறிவுரை கூறக் கிடைக்கும் வாய்ப்பை இலகுவிற் கைவிடுவதில்லை. மறுநாள் மருமகனை அழைத்தேன். அறிவுரை கூற எடுத்த தொலைபேசியைப் பாடம் கேட்டுவிட்டு வைத்தேன்.

அவன் கூறியவற்றின் சாரம் இதுதான். பாஸ் கிற்றாரின் மிகத் தடித்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர்கிறது. அவ்வொலியின் ஓர் அலை காற்றில் 8 மீற்றருக்கும் அதிக நீளமுடையது. மனிதரின் செவி நடுத்தர ஒலிகளுக்கு இணங்குவதுபோல இத்தகைய கீழொலிகளுக்கு இணங்குவதில்லை. ஆதலால் அவற்றைக் கேட்கச் செய்யப் பெரும் வலுவும் அகன்ற ஒலிக்கூம்புகளும் வேண்டும். அன்றியும், ஓரொலி முன்னையதிலும் இரு மடங்கு உரத்ததாக நமக்குத் தோன்ற வேண்டுமாயின் வலுவை ஏறத்தாழப் பத்து மடங்காக உயர்த்தவேண்டுமாம். வீட்டிற் பழகுவதற்குரிய சிறு பெட்டி மண்டபத்திலே முரசுகளுக்கிடையில் அமுங்கிப்போகும். மண்டபத்துப் பெட்டியை வீட்டில் இயக்கினாலோ சுவர் அதிரும், அயலவர் கதவைத் தட்டுவர். சிறிய அறையிற் கீழொலி மூலைகளில் தேங்கிக் குழம்புகிறது. திறந்த வெளியில் அதைத் திருப்பியனுப்பச் சுவரே இல்லை; எப்பக்கமும் பரவிக் கரைந்துபோகிறது. ஒன்றை இரண்டுக்கும் பயன்படுத்த முயன்றால் இரண்டும் கெடும்.

இந்த வாத்தியத்தின் வரலாறே கேட்கப்படுவதற்கான போராட்டந்தான். லியோ பெண்டர் என்ற அமெரிக்கர் 1951 ஆம் ஆண்டிற் சந்தைக்குக் கொண்டுவந்த பாஸ் கிற்றார் புகழடைந்ததற்கு ஒரு காரணம், ஊதுகருவிகளுக்கும் முரசுகளுக்கும் நடுவே பழைய பெரிய வில்வாத்தியத்தின் கீழ்க்குரல் எவர் காதிலும் விழாமற் போனதே. பின்னர் மண்டபங்கள் பெருத்தன. 1969 இல் அம்பெக் என்ற நிறுவனம் 300 உவாற் வலுவுள்ள கருவியொன்றைச் செய்தது. அதன் மின்பகுதி மாத்திரமே ஏறத்தாழ 40 கிலோ. ஒலிக்கூம்புகள் எட்டுக் கொண்ட பெட்டி அதற்குத் தனி. வாடகைக் காரிலே வேலைக்குப் போகும் இளைஞன் அதைத் தினமும் தூக்குவானா?

“மூன்றாவது எதற்கடா?” என்றேன்.

“மாமா, இடைநடுவிலை ஒண்டு செத்துப்போனால் சனம் காத்துக்கொண்டு நிக்காது. அடுத்த முறை எங்களைக் கூப்பிடவும் மாட்டினம்.”

இந்த விடையை நான் முன்னரே கேட்டிருக்கிறேன். ரொறன்ரோவில் அல்ல, எங்கள் அளவெட்டியிலே, என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்.

அளவெட்டியைப் பற்றி இலக்கிய வாசகர்களுக்கு மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. மஹாகவியின் ஊர் என்றாற் போதும். இசை கேட்பவர்களுக்கோ இது நாதஸ்வர மேதை என். கே. பத்மநாதனின் ஊர், இணுவிலிற் பிறந்து 1975 இற் காலமான தவில் மேதை தட்சிணாமூர்த்தி வாழ்ந்த ஊர். கடல் கடந்து தமிழகத்திலும் அவர் தவிலின் பெருமை பேசப்பட்டது. இப்பெயர்களைச் சொல்லி நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வதுண்டு. ஆனால் ஒரு மேதைக்குப் பின்னால் ஊரிற் பத்துத் தவிற்காரர் இருப்பர். பெயர் அச்சேறாமல், கோயில் வீதியிலும் கலியாணப் பந்தலிலும் தோள் கடுக்க வாசித்து, விடியற் பொழுதில் நடந்து வீடு திரும்புவர். அத்தகைய ஒருவரைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அவர் இன்று இல்லை. பெயரைச் சொல்லி அவர் பிள்ளைகளைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. நாங்கள் அவரைத் ‘தவிலண்ணை’ என்போம். எங்கள் தந்தையார் தலைமுறை அவரை வேறு விதமாக, ஒருமையில் அழைத்தது.

அவர் வீட்டுத் திண்ணையில் எப்போதும் இரண்டோ மூன்றோ தவில்கள் இருக்கும். சிறுவனாக இருந்தபோது நான் அவற்றை எண்ணிப் பார்த்து, தவிலண்ணை பெரும் பணக்காரர் என்று நினைத்தேன். சிறுவனின் பிழை மன்னிக்கத்தக்கது. வளர்ந்த பின்னும் அதே கணக்கையே செய்தேன் என்பதுதான் இக்கட்டுரை எழுத நேர்ந்த காரணம்.

தவிலின் உடல் பலா மரத்தைக் குடைந்து செய்யப்படுவது. வலந்தலையை இறுக்கமாகக் கட்டி, விரல்களிற் கூடு மாட்டி வாசிப்பர். இடந்தலை சற்றுத் தளர்ந்தது. பூவரசங் கழியால் அடிக்கப்படுவது. அடிவயிற்றைத் தொடும் குரல் அதனுடையது. என் மருமகனின் கிற்றாருக்கு உறவு கூற வேண்டுமாயின் இந்த இடந்தலையைத்தான் கூறவேண்டும். இரு முகமும் தோல். தோல் ஈரத்தை உறிஞ்சினாற் தளரும். வெயிலிற் காய்ந்தால் இறுகும். அளவு மீறி இறுகினாற் கிழியும். மார்கழித் திருவெம்பாவைக்கு விடியற்காலைப் பனியில் வாசிக்க வேண்டும். அதே மனிதர், அதே தோளில், ஆவணி வெயிலிற் தேருக்கு முன்னால் வாசிக்க வேண்டும். இரும்பு வளையமும் திருகாணியும் வருவதற்கு முன் வாரை இழுத்தே தோலை இறுக்கினார்கள். அது நினைத்தவுடன் முடிகிற காரியமன்று. ஒரு தோலைக் கோயிலின் வெளிவீதிக்கென இறுக்கிவிட்டால், அதே தவிலை மறுநாள் ஒலிவாங்கிக்கு முன்னால், கூரையின் கீழ் வாசிக்க அவர் மனம் ஒப்பாது. “வீதிக்குக் கட்டினது வீட்டுக்கை கத்தும்” என்பார்.

நாதஸ்வரக்காரரும் மாறினார்கள். திமிரி என்னும் குட்டையான, உச்சச் சுருதி கொண்ட நாதஸ்வரத்தின் இடத்தை, நீண்டு தாழ்ந்து ஒலிக்கும் பாரி நாதஸ்வரம் பிடித்துக்கொண்டது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை அதற்குத் தேடித்தந்த புகழ் கடலைத் தாண்டி வந்தது. ஆனால் பழைய குழலை விடாதவர்களும் இருந்தனர். யாருடைய கூட்டத்துக்கு அழைப்பு வருகிறதோ அவருக்கேற்பத் தன் தவில் பேசவேண்டும் என்பது தவிலண்ணையின் எண்ணம். காலநிலையும், இடமும், உடன் வாசிப்பவரும், அழைப்பவரும் ஒன்றேனும் அவர் கையில் இல்லை. அத்தனையின் நிச்சயமின்மையையும் அவரே தம் செலவிற் சுமந்தார். அச்சுமைக்குத்தான் இரண்டாவது தவில் என்று பெயர்.

1984 ஐப்பசியில் என் தங்கையின் திருமணம். முகூர்த்தத்துக்குச் சற்று முன் மழை அடித்து ஊற்றிற்று. பந்தலின் ஒரு பக்கம் சரிந்து, வாசித்துக்கொண்டிருந்த தவிலின் மேல் நீர் கொட்டியது. வலந்தலை நனைந்த பனையோலை போலச் சத்தம் போட்டது. தவிலண்ணை முகத்தில் எந்தக் கலக்கமும் இல்லை. பின்னாலிருந்த மகன் சாக்கை அவிழ்த்து இன்னொன்றை நீட்டினான். தாலி கட்டும் நேரத்துக்குக் கெட்டிமேளம் முழங்கிற்று. சபையிலிருந்த பலர் நடந்ததை அறியவேயில்லை.

மாலையிற் கணக்குத் தீர்க்கையில், இரண்டாவது தவிலையும் காரில் ஏற்றி வந்த கூலியை அவர் தயக்கத்துடன் கேட்டார். என் தந்தையார், “நான் ஒரு தவிலுக்குத்தானே பேசினனான்?” என்றார். பேசிய தொகை மட்டும் கொடுக்கப்பட்டது. அருகில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. அந்நாட்களில் வாசிகசாலை வட்டத்தில் உழைப்பையும் உபரியையும் பற்றி மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தவன் நான் என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறேன்.

பின்னர் போர் வந்தது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தெருவுக்கு வந்து, மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடிமேலடி வைத்து நகர்ந்ததை அனுபவித்தவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. அக்கூட்டத்தில் தவிலண்ணையைக் கண்டேன். சைக்கிளின் பின்னால் உரப்பையாற் சுற்றிய உருண்டையொன்று. தோலைக் கழற்றிவிட்டு, பலாக் கட்டையை மட்டும் கட்டியிருந்தார். குடத்துக்குள் பேரப்பிள்ளையின் உடுப்பும் சிறிது அரிசியும் இருந்தன. அது அவருடைய தகப்பனார் காலத்துக் கட்டை. “தோல் எங்கையும் போர்க்கலாம் மாஸ்ரர், உந்தக் கட்டைக்கு எங்கை போறது?” என்றார்.

அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பின் சனங்கள் திரும்பத் தொடங்கினர். திரும்பியோரில் தொழிற் கருவிகளை இழந்தவர்களுக்கு உதவுவதற்காக ஒரு பட்டியல் தயாரிக்கப்பட்டது. எழுதத் தெரிந்தவன் என்பதால் அப்பணி என்னிடமும் வேறு இருவரிடமும் வந்தது. வீடு வீடாகச் சென்றோம். தவிலண்ணையின் திண்ணையில் இரண்டு தவில்கள் இருந்தன. நான் குறிப்பேட்டில், ‘தவில் இரண்டு உண்டு, உதவி தேவையில்லை’ என்று எழுதி, பெயரின் மேற் கோடு கிழித்தேன். எனக்கு அப்போது அது நேர்மையான செயலாகவே தோன்றிற்று. ஒன்றும் இல்லாதவர்கள் எத்தனையோ பேர் இருக்கையில், இரண்டு வைத்திருப்பவருக்கு எப்படிக் கொடுப்பது?

அவர் வாதாடவில்லை. படலை வரை வந்து, “மாஸ்ரர், ஒண்டு கட்டை, மற்றது தோல்” என்றார். அவசரத்தில் அது என் மூளையில் ஏறவில்லை. மாதங்கள் சென்ற பின் அவர் மகன் விளக்கினான். ஊரில் விட்டுச் சென்ற தவிலின் தோல் எப்படியோ தப்பியிருந்தது, ஆனால் உடல் வெடித்துப் பிளந்திருந்தது. கொண்டு சென்ற கட்டை நன்றாக இருந்தது. அதன் வாய்க்கு அந்தத் தோலின் வளையம் பொருந்தவில்லை. இரண்டு தவிலும் சேர்ந்து ஒரு தவில் ஆகவில்லை. அந்த ஆண்டு முழுவதும் அவர் வேறொருவரின் தவிலை வாடகைக்கு எடுத்து வாசித்து, சம்பளத்திற் பாதியை வாடகையாகக் கொடுத்தார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும்; இதுதான் என்னை அதிகம் உறுத்துவது. அதே பட்டியலில், நீரிறைக்கும் இயந்திரம் இரண்டு வைத்திருந்து ஒன்றை இழந்த தோட்டக்காரரின் பெயரை நாங்கள் வெட்டவில்லை. ‘ஒன்றால் இரண்டு கிணறு இறைக்க முடியாது’ என்று எங்களில் ஒருவர் கூறியதும் மற்றவர்கள் தலையசைத்தோம். செம்மண்ணின் தேவை எங்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் உறவினர் எல்லோரும் தோட்டக்காரர். வழக்கறிஞரின் அலுமாரியில் எத்தனை புத்தகம் என்று நாங்கள் எண்ணியதில்லை. தவிலை மாத்திரம் எண்ணினோம். உற்பத்திச் சாதனம் எது, சொத்து எது என்று மாணவருக்குக் கரும்பலகையிற் கோடு போட்டுக் காட்டியவன், தொழிலாளியின் திண்ணைக்கு முன் நின்றபோது அந்தக் கோட்டை அவர் பெயரின் மேற் போட்டான். அது அறியாமை மட்டுந்தானா? எங்கள் வீட்டில் அவருக்குத் தேநீர் கொடுத்த குவளை தனியாக வைக்கப்பட்டிருந்ததை மறந்துவிட்டு இக்கேள்விக்கு நான் விடை சொல்ல முடியாது.

உண்மை தெரிந்த பின் அவரிடம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் வாயில் வந்தவை பட்டியல், விதிமுறை, நெருக்கடி என்பன போன்ற சொற்களே. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, விரற்கூடு ஒட்டுவதற்குத் துணி வேண்டும், பழைய வேட்டி ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

இப்போது அவர் மகன் வாசிக்கிறான். அவனிடம் மூன்று தவில்கள் இருக்கின்றன. தோல் போர்க்கும் கூலி ஏறிக்கொண்டே போகிறது என்கிறான். அந்தத் தோலைப் பதனிட்டுக் கொடுப்பவர்களின் பெயர் எந்த மேடையிலும் சொல்லப்படுவதில்லை என்பது வேறொரு கட்டுரைக்குரிய கதை.

தங்கைக்கு இவற்றையெல்லாம் தொலைபேசியிற் கூறினேன். நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தவள், “என்ரை கலியாணத்துக்கு வந்த தவிலண்ணையே?” என்றாள்.

“ஓம்.”

“அண்டைக்கு மழை பெய்ததெல்லோ. அப்பா அந்தக் கார்க்காசைக் குடுத்தவரே?”

கொடுக்கவில்லை என்றேன். ஒலிபெருக்கிகளை விற்பது பற்றி அவள் பிறகு பேசவில்லை. சலவை இயந்திரத்தைத்தான் வேறு பக்கம் நகர்த்தவேண்டும், குழாய் மாற்ற ஆள் பிடிக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.