நிலக்கரியும் ஒரு வார்த்தையும்

இன்னைக்கு மருந்து மாத்திரை பத்தி இல்ல, காலநிலை மாநாடுகள் பத்தி. "இது உங்களுக்கு எதுக்கு டாக்டர்?"ன்னு கேட்பீங்க. ஏப்ரல், மே மாசத்துல என் ஓபி-ல வந்து உட்கார்ந்து பாருங்க. சர்க்கரை இல்ல, பிரஷர் இல்ல, ஆனா கிரியாட்டினின் ஏறிப்போய் வர்றாங்க கட்டட வேலைக்காரங்க. நாள் முழுக்க வெயில், குடிக்கிற தண்ணி குறைவு. அடி வாங்குறது சிறுநீரகம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

2021 நவம்பர், கிளாஸ்கோ. வெள்ளிக்கிழமை முடிய வேண்டிய மாநாடு சனிக்கிழமை ராத்திரி வரை இழுத்தது. தீர்மான வரைவில், புகையைப் பிடித்து வைக்காத நிலக்கரி மின்சாரத்தைப் படிப்படியாக "ஒழிப்பது" என்று இருந்தது. அதற்கு முன் நடந்த 25 மாநாடுகளின் முடிவுகளில் நிலக்கரி என்ற பெயரே வந்ததில்லை. கடைசி நேரத்தில் இந்திய அமைச்சர் பூபேந்தர் யாதவ், அதை "குறைப்பது" என்று மாற்றச் சொன்னார். சீனாவும் அதே பக்கம். மார்ஷல் தீவுகள், ஃபிஜி, சுவிட்சர்லாந்து எல்லாம் வருத்தத்தைப் பதிவு பண்ணினாங்க, ஆனா தடுக்கல. தடுத்தா மொத்த ஒப்பந்தமும் போயிடும். மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா மன்னிப்புக் கேட்கும்போது குரல் உடைந்து, பேச முடியாம நின்னார்.

ஏன் இப்படி? அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. அதை எப்படி நடத்துறதுங்கிற விதியையே நாடுகள் இதுவரை ஏத்துக்கல. எல்லோரும் ஒத்துக்கணும். ஐசியு வாசல்ல நிக்கிற குடும்பத்தை யோசிச்சுப் பாருங்க. வெளிநாட்டுல இருந்து போன்ல பேசுற மூத்த பையன் வரைக்கும் தலையாட்டினாதான் கையெழுத்து. இங்கே அப்படிக் கிட்டத்தட்ட 200 நாடுகள்.

இந்தியாதான் வில்லனா? அவ்வளவு சுலபமா சொல்லிட முடியாது. எண்ணெய், எரிவாயுவை விட்டுட்டு நிலக்கரியை மட்டும் ஏன் பிடிக்கிறீங்கன்னு கேட்டது நியாயமான கேள்வி. பணக்கார நாடுகள் 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தர்றோம்னு 2009-ல கோபன்ஹேகனில் சொன்னாங்க. அந்தத் தொகையை முதல்முறையா எட்டினது 2022-ல. ஆனா சராசரியா கடலுக்கு மேல 2 மீட்டர் உயரத்துல இருக்கிற மார்ஷல் தீவுக்காரருக்கு, நம்ம நியாயத்தை வச்சு என்ன ஆகப்போகுது?

அப்போ இந்தப் பேச்சுவார்த்தை எல்லாமே வெட்டியா? உங்க வீட்டில் ஆஸ்துமாவுக்கு பஃப் அடிக்கிற இன்ஹேலர் இருந்தா எடுத்துப் பாருங்க. ஒரு காலத்தில் மருந்தை வெளியே தள்ளினது ஓசோனை அரிக்கிற சிஎஃப்சி வாயு. 1987-ல மாண்ட்ரியலில் போட்ட ஒப்பந்தத்தால அந்த வாயு போய் வேற வாயு வந்தது. ஓசோன் படலம் மெதுவா தேறிட்டு வருது. புது வாயுவும் பூமியைச் சூடாக்குது என்பதால், 2016-ல கிகாலியில் அந்த வகை வாயுக்களையும் குறைக்க ஒத்துக்கிட்டாங்க. (இதைப் படிச்சிட்டு யாரும் இன்ஹேலரை நிறுத்திடாதீங்க, ப்ளீஸ்!)

சிஎஃப்சி-யைத் தயாரிச்சது சில கம்பெனிகள்தான், மாற்றும் கையில இருந்தது. நிலக்கரியோ லட்சக்கணக்கானவங்க சோறு. அதனால அந்த வேகத்தை இங்கே எதிர்பார்க்க முடியாதுன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் பொறுமை போகுது.

2023-ல துபாயில், புதைபடிவ எரிபொருள்களை விட்டு விலகணும்னு முதல்முறையா எழுதினாங்க. அன்னைக்கு நிஜமாவே சந்தோஷப்பட்டேன். 2025-ல பிரேசிலின் பெலெம் நகரத்தில், அதுக்கு ஒரு வழித்திட்டம் போடுங்கன்னு 80-க்கும் மேற்பட்ட நாடுகள் கேட்டும், இறுதி முடிவில் புதைபடிவ எரிபொருள் என்ற வார்த்தையே இல்ல. வெப்பம், வெள்ளம் மாதிரியான பாதிப்புகளுக்குத் தயாராக வளரும் நாடுகளுக்குத் தர்ற நிதியை மட்டும், 2035-க்குள் குறைந்தது மூன்று மடங்காக்க "முயற்சிகள்" வேணும்னு எழுதியிருக்காங்க.

அந்த "முயற்சிகள்" எத்தனை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு உள்ளே வந்திருக்கும்னு நினைக்கிறீங்க?