வராதவர்களின் வாக்கு

ஒரு மசோதா தோற்பதற்கு எவரும் எழுந்து நின்று "வேண்டாம்" என்று சொல்ல வேண்டியதில்லை. ஆசனங்கள் காலியாய் இருந்தாலே போதும். 2017 டிசம்பர் 23ஆந் திகதி, நத்தாருக்கு இரண்டு நாள் முன்னதாக, ரோமாபுரியிலே செனற் சபை கூடியபோது நடந்தது இதுதான். இத்தாலியில் வளரும் வெளிநாட்டவரின் பிள்ளைகளுக்குப் பிரஜாவுரிமை அளிக்கும் சட்டத் திருத்தம் அன்று எடுக்கப்பட்டது. சபை நடக்க வேண்டிய அளவு அங்கத்தவர்கள் வரவில்லை, கூட்டம் கலைந்தது. ஐந்து நாட்களின் பின் குடியரசுத் தலைவர் செர்ஜோ மத்தரெல்லா (அவர் பலேர்மோவிலே பிறந்தவர்) பாராளுமன்றத்தைக் கலைத்தார். மசோதாவும் அதனோடு போயிற்று.

சீசாக் கோட்டையைச் சுற்றிய தெருக்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை வீட்டில் இந்தச் செய்தி பேசப்பட்டிருக்கும்? நத்தார்க் காலமென்றால் வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஓய்வேது! ஆயினும் அன்று ரோமாபுரியில் கைவிடப்பட்டது அந்த வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளின் காரியம்.

அந்த மசோதா 2015 ஒக்டோபர் 13இல் கீழ்ச்சபையில் நிறைவேறியிருந்தது. ஆதரவு 310, எதிர்ப்பு 66. வாக்களியாது விலகியிருந்தோர் 83 பேர், எதிர்த்தவர்களிலும் அதிகம். நீண்டகால வதிவிட அனுமதியுள்ள தாய்க்கோ தகப்பனுக்கோ இத்தாலியில் பிறந்த பிள்ளைக்கு உரிமை உண்டென்றது அது. பன்னிரண்டு வயதுக்கு முன் வந்து, ஐந்தாண்டாவது இந்நாட்டுப் பள்ளியிற் படித்த பிள்ளைக்கும் வழி விட்டது. மேற்சபையிலே ஆயிரக்கணக்கான திருத்தங்களைக் குவித்து அதை முடக்கினார்கள். ஈராண்டு கிடந்து முடங்கிய பின்னர்தான் அந்த டிசம்பர் நாள் வந்தது.

இதனால் வந்த நட்டம் காகிதத்திற் படித்தால் விளங்காது. ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மூத்தவன் யாழ்ப்பாணத்திற் பிறந்து ஆறு வயதில் வந்தவன். இளையவள் பலேர்மோவிலே பிறந்தவள். 1992ஆம் ஆண்டின் 91ஆம் இலக்கச் சட்டப்படி தகப்பன் பத்து வருடம் பதிவோடு வாழ்ந்து, பிறகே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்னிருந்த 1912ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஐந்து வருடமே போதுமாயிருந்தது! விண்ணப்பம் தீர மேலும் சில வருடம். தகப்பன் சத்தியப் பிரமாணம் செய்யும் நாளில் பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்கு உரிமை கூடவே வரும். நிரம்பிய பிள்ளைக்கு வராது. ஒரு மாத வித்தியாசத்தில் தங்கை இத்தாலியப் பிரஜை, தமையன் குவெஸ்தூரா வரிசையில். லண்டனில் மாமன் வீட்டுக் கலியாணத்துக்குப் போக அவனுக்கு மட்டும் விசா. பொலிசிலோ நீதித்துறையிலோ சேர எண்ணினாலும் கதவு அடைப்பு. அன்று ஆசனங்கள் நிறைந்து, மசோதாவும் தேறியிருந்தால், அவன் படித்த பள்ளிக்கூடமே அவனுக்குச் சாட்சியாயிருக்கும்.

பாராளுமன்ற வாக்குகளெல்லாம் தீமையே செய்தன என்பதுமில்லை. 1990ஆம் ஆண்டின் மார்த்தெல்லி சட்டத்துக்கு முன்னர் இத்தாலி ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களையே பொதுவாக அகதிகளாக ஏற்றது. அந்த எல்லையை அச்சட்டமே நீக்கியது. 1983க்குப் பின் ஓடி வந்தவர்களுக்கு இது சிறு காரியமல்ல. 2002ஆம் ஆண்டின் பொஸ்ஸி-ஃபீனி சட்டமோ வதிவிட அனுமதியை வேலை ஒப்பந்தத்தோடு முடிச்சுப் போட்டது. எசமானி இறந்தால் வேலையும் போய், அனுமதிக்கும் ஆபத்து வரும் நிலை அதனால் வந்தது.

2025 யூன் 8, 9ஆந் திகதிகளில் பத்து வருடத்தை ஐந்தாக்கும்படி சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 65 சதவீதத்தினர் "ஆம்" என்றார்கள். ஆனால் வந்தவர்கள் சுமார் 30 சதவீதமே. பாதிக்கு மேல் வந்தாலன்றி முடிவு செல்லாது. மீண்டும் வராதவர்களே வென்றார்கள். அந்த வராதவர்களுள், பிரமாணம் செய்து வாக்குரிமை பெற்ற தமிழர் எவரும் இல்லையென்று யாரால் சொல்ல முடியும்?

பிரஜாவுரிமை ஒரு வாக்கெடுப்பில் போகும் என்பதைத் தமிழருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1948இல் கொழும்பில் நிறைவேறிய சட்டம் மலைநாட்டுத் தமிழர் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கிற்று. தமிழ்க் காங்கிரஸ் பிளந்து, செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல் எதிர்ப்பின்றி நிறைவேறியது. இடையில் கழிந்தவை ஐம்பத்தைந்து வருடங்கள்.

இத்தாலியிலே பிறந்து இடைவிடாது வாழ்ந்த பிள்ளை, பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் இடையில் கொமூனேயிலே தன் விருப்பத்தைத் தெரிவித்தால் பிரஜையாகலாம். இதைப் பலர் தவற விடுகிறார்கள். 2013இல் வந்த திருத்தப்படி, பெற்றோரோ அலுவலகமோ பதிவில் விட்ட குறையைப் பிள்ளையின் தலையில் ஏற்றக்கூடாது. இங்கேயே வளர்ந்ததை வேறு பத்திரங்களாலும் நிரூபிக்கலாம். பள்ளிச் சான்றுகளும் வைத்திய சாலைக் காகிதங்களும் அதற்கு உதவும். குழந்தைக்கு ஊசி போட்ட அட்டையை ஊசி முடிந்ததும் வீசிவிடும் வழக்கம் தாய்மாரிடம் உண்டு. அந்த அட்டையிலுள்ள திகதிகள், பிள்ளை அந்தந்த மாதத்தில் பலேர்மோவில் இருந்ததற்கு அரசாங்க முத்திரையுள்ள அத்தாட்சி. அதைப் பிறப்புப் பத்திரத்தோடு ஒரே உறையில் வைப்பது நல்லது.